சீக்கு இலை மேடம்

"வண்டிய நிறுத்துங்கண்ணா" என்று பின்சீட்டிலிருந்து மேடம் குரல் கொடுப்பார். பஞ்சரா, போலீஸா, அவருடைய துப்பட்டா சக்கரத்தில் மாட்டிக்கொண்டதா என்று மூன்று விபத்துகளை நான் மனதுக்குள் நடத்தி முடிப்பதற்குள் அவர் இறங்கிப்போய் யாரோ ஒருவருடைய மிளகாய்த் தோட்டத்து வேலியோரம் குந்தியிருப்பார். அணைக்கட்டுப் பக்கம் ஒரு தடவை தோட்டக்காரரே ஓடிவந்துவிட்டார்.

"இன்னாம்மா பறிக்கிற?"

"காய் பறிக்கலீங்க. ஒரு இலை குடுப்பீங்களா?"

"அது சீக்கு புடிச்ச செடிம்மா. அந்தாண்ட போயி நல்ல இலையா எடுத்துக்க."

"நல்லது வேணாங்க. உங்க தோட்டத்துலயே ரொம்ப மோசமான செடி எதுன்னு காட்டுங்க."

அந்த மனிதர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இதை வைத்துக்கொண்டு எப்படியப்பா குடும்பம் நடத்துகிறாய் என்ற இரக்கம் அந்தப் பார்வையில் இருந்தது. "நான் ஆபீஸ் ஆளுங்க" என்று அவசரமாகச் சொல்லிவைத்தேன்.

மோசமான செடி கிடைத்தது. இலையெல்லாம் சுருண்டு, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழுந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. மேடம் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, "நல்லா வந்திருக்கு" என்றார். கல்லிலிருந்து தோசையை எடுக்கிறவர்கள் சொல்வார்களே, அந்தத் தொனி.

அவர் பெயரைச் சொன்னால் இப்போது கடல் கடந்து எங்கோ இருக்கிற அவருக்குச் சங்கடம். எங்கள் கல்லூரிக் காவலாளி வைத்த பெயர் 'சீக்கு இலை மேடம்'. அது அவருக்கும் தெரியும், அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. ஆரோக்கியமான எதையும் அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. ரோஜாத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டாலும் பூவைப் பார்க்கமாட்டார், வாடின ஒரு கிளையைக் கண்டுபிடித்து அதனோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு கோடையில் எனக்கு அம்மை போட்டபோது, தனக்குச் சின்ன வயதிலேயே போட்டாயிற்று என்று சொல்லி இளநீரோடு வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். வாயில் வந்தது அதே வார்த்தை: "நல்லா வந்திருக்குண்ணா." என் மனைவி இளநீரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நான் அவரிடம் வேலைக்குப் போனது நாற்பத்தாறாவது வயதில். அதற்கு முன் இருபது வருஷம் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் பார்த்தவன். பதனிட்டு வரும் தோலை மேசைமேல் விரித்து, கீறல், உண்ணி கடித்த தழும்பு, திட்டு, புள்ளி எல்லாம் கண்டுபிடித்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. கம்பெனி மூடியதும், வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றார்கள். செடிதானே, அது நம்மைக் கேள்வி கேட்காது என்று சேர்ந்துவிட்டேன். செடி கேட்கவில்லை. மேடம் கேட்டார்.

அவருக்கு வயது முப்பத்திரண்டு இருக்கும். அணைக்கட்டு ஊர்க்காரர், விவசாயக் குடும்பம். நான் எதைச் சொல்லிக்கொண்டு ஓடினாலும் அவரிடமிருந்து முதலில் வருவது ஒரே கேள்வி: "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" செடிக் கொட்டகைக்குள் பாம்பு என்று ஓடினேன். நினைத்திருக்கிறேன், அது தண்ணீர்க் குழாய். மின்சாரப் பெட்டியில் புகை என்று ஓடினேன். அதுவும் நினைத்ததுதான், காவலாளி பின்னால் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தவை கம்மி, நினைத்தவை ஜாஸ்தி.

அவர் செய்த வேலை இதுதான். புகையிலைச் செடிக்கு நோய் தருகிற வைரஸ் ஒன்று உண்டு. கண்ணுக்கே தெரியாத சின்னக் குச்சி. எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிமன், நடுவில் துளை. அவ்வளவு சின்னதை அவ்வளவு ஒரே மாதிரியாக எந்த மெஷினில் செய்தாலும் வராதாம். நோய் பிடித்த செடி கோடி கோடியாகச் செய்து இலைக்குள் அடுக்கி வைத்துவிடும். அந்தக் குச்சிகளை இலையிலிருந்து பிரித்து, மேலே தங்கத் துகளை ஒட்டவைத்து, காகிதத்தில் தடவி, கிணற்றுத் தண்ணீரில் குரோம் கலந்திருந்தால் நிறம் மாறிக் காட்டுகிற பட்டை ஒன்று செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. தோல் கம்பெனிக் கழிவு இறங்குகிற பாலாற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு அந்தப் பட்டை எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கு விளங்கவேண்டிய மிச்சத்தை முதல் நாளே ஒரே மூச்சில் விளக்கினார். நான் தலையாட்டினேன். புரியாததற்குத் தலையாட்டுவதில் எனக்கு இருபது வருஷ அனுபவம்.

புரிந்தது ஒன்றே ஒன்று. கொட்டகை வாசலில் ஒரு கிண்ணத்தில் பால் வைத்திருப்பார். கைகளைப் பாலில் முக்கி எடுத்துவிட்டுத்தான் செடியைத் தொட வேண்டும். சாமிக்கு அபிஷேகம் போல ஏதோ நம்பிக்கை என்று நினைத்தேன்.

"உங்களுக்கு பீடி பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"எப்பனா ஒண்ணு ரெண்டு, மேடம்."

"பீடித் தூள்ல இதே ஜாதி வைரஸ் காஞ்சுபோய் உயிரோட இருக்கும். உங்க விரல்லேர்ந்து செடிக்கு ஏறிடும். பால்ல இருக்கிற புரதம் அத மடக்கிடும். அதுக்குத்தான் இது."

இது தெரியாத காவலாளி, தினமும் மாலையில் கிண்ணத்தில் மிஞ்சிய பாலை வீணாக்குவானேன் என்று டீ போட்டுவிடுவார். மூன்றாம் நாள்தான் அது எனக்குத் தெரியவந்தது. தெரிந்தபோது என் கையில் மூன்றாவது டம்ளர். மேடத்திடம் ஓடினேன்.

"வைரஸ குடிச்சிட்டேன் மேடம். ஆஸ்பத்திரிக்கு போவணுமா?"

"மிளகாப்பொடி சாப்புடுவீங்களா?"

"சாப்புடுவேன்."

"அதுல இதோட சொந்தக்காரன் நெறைய இருக்கும். வாய் வழியா போயி அப்படியே வெளிய வந்துடும். அதுக்கு நீங்க வெறும் ஹைவே ரோடுண்ணா. எறங்கி நிக்கறதுக்கு உங்ககிட்ட அதுக்கு எடமே இல்ல."

நான் ஒரு நெடுஞ்சாலை என்பதில் அன்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

அடுத்த வாரம் இருபது தொட்டிப் புகையிலைச் செடிகளை வரிசையாக வைத்து, இலைமேல் ஒரு வெள்ளைத் தூளைத் தூவி, ஏதோ பச்சைச் சாற்றை விரலால் தொட்டு லேசாகத் தேய்த்தார். பார்த்ததும் எனக்குக் கம்பெனி ஞாபகம். உப்புத்தாள் போட்டுத் தோலைத் தேய்ப்போமே, பஃபிங், அதேதான். "மேல் தோல்ல கீறல் விழணும், ஓட்டை விழக்கூடாது" என்றார். இதை நான் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் மேடம் என்றேன். செடிகளுக்கு மருந்து தடவுகிறார் என்றே முடிவு கட்டிக்கொண்டேன். அதுதான் நோய், அதைத்தான் ஏற்றுகிறார் என்பது முதல் நாள் நான் தலையாட்டிய விளக்கத்தில் இருந்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, தங்கை கல்யாணத்துக்குத் திருப்பத்தூர் கிளம்பும்போது தொட்டிகளைக் காட்டிச் சொன்னார்.

"நாலு நாள்ல வந்துடுவேன். சென்னையில பெரிய மைக்ராஸ்கோப்புக்கு நாலு மாசம் காத்திருந்து தேதி வாங்கியிருக்கேன். அதுக்கு இன்னும் பதிமூணு நாள்தான். குச்சிமேல தங்கம் ஒக்காந்திருக்கிற படம், பணம் குடுக்கிற கமிட்டிக்கு போனாதான் இந்த வேலை மேல ஓடும். இல்லன்னா இந்த மாசத்தோட எனக்கும் வீடு, உங்களுக்கும் வீடு. இந்தச் செடிங்கதான் நமக்கு எல்லாம். பாத்துக்குங்கண்ணா."

பார்த்துக்கொண்டேன். இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் இலைகளில் திட்டு. வெளிர்ப் பச்சை, அடர் பச்சை, நடுநடுவே மஞ்சள். சில இலைகள் கொப்பளம் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தன. முந்தின நாள் கிண்ணத்துப் பால் வெயிலில் திரிந்துபோயிருந்ததால் நான் கையை முக்காமலே செடியைத் தொட்டிருந்தேன். தொட்டது, பீடி குடித்த கை.

அதன்பிறகு என் மூளை வேலை செய்யவில்லை. கண்ணும் கையும் பழைய பழக்கத்தில் வேலை செய்தன. தொட்டிகளைத் தரம் பிரித்தேன். புள்ளி இல்லாதது முதல் தரம்: நான்கு. லேசான திட்டு இரண்டாம் தரம்: மூன்று. மீதிப் பதின்மூன்றும் ரிஜெக்ட். ரிஜெக்டைப் பிடுங்கிக் கோணியில் அடைத்தேன். அங்கேயே எரித்தால் காவலாளி பார்த்துவிடுவார் என்று கோணியை வண்டியில் கட்டி ஆம்பூருக்கு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். தடயத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிற குற்றவாளி தமிழ்நாட்டிலேயே நான் ஒருவன்தான்.

"இன்னா மாப்ள அது?" என்றார் என் மாமியார். எங்களோடுதான் இருந்தார். காண்ட்ராக்டரிடம் இலையும் தூளும் வாங்கி, முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்கக் கூலிக்குப் பீடி சுற்றுகிறவர்.

"ஒண்ணுமில்ல அத்த, குப்பை."

"குப்பைய யாருனா வூட்டுக்கு கொண்ணாருவாங்களா?"

நாளைக்கு எரிக்கிறேன் என்றேன். மறுநாள் கோணியைக் காணவில்லை. மனைவி தூக்கிப் போட்டிருப்பாள், சனி விட்டது என்று நானும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் மேடம் திரும்பி வருகிறார்; அன்று காலை நான் கிளம்பும்போது மாமியார் ஒரு பீடிக்கட்டை நீட்டினார். வழக்கமான சிவப்பு நூலுக்குப் பதில் பச்சை நூல் கட்டியிருந்தது. "உங்களுக்குன்னு தனியா சுத்துனது. காண்ட்ராக்டர் தூள் ஒரு சிட்டிகைகூட கலக்கல" என்றார். கிளம்பும்போது ஒன்று, ரயில்வே கேட்டில் நின்றபோது ஒன்று குடித்தேன். கருகின கீரை மாதிரி இருந்தது. மாமியார் கொடுத்தது என்பதால் நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டேன்.

மேடம் கொட்டகைக்குள் போனார். வெளியே வர நேரமாயிற்று.

"அண்ணா, செடியெல்லாம் எங்க?"

சொன்னேன். பீடிக் கை, திரிந்த பால், திட்டு, செலக்‌ஷன், கோணி, ஒன்றுவிடாமல். கவிழ்த்துவைத்த தொட்டிமேல் அவர் மெதுவாக உட்கார்ந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அந்தத் திட்டுக்குத்தாண்ணா இத்தன நாளா காத்திருந்தேன்" என்றார். "எது நல்லா சீக்காச்சோ அதையெல்லாம் தேடித் தேடி எடுத்திருக்கீங்க. ஒண்ணுகூட விடல."

என் செலக்‌ஷனை இருபது வருஷத்தில் யாரும் இவ்வளவு பாராட்டியதில்லை. மிஞ்சிய லேசான திட்டுச் செடி மூன்றும் போதாதாம். விதைபோலக் கொஞ்சம் பழைய சாறு எடுத்துவைத்திருந்தார். ஆனால் அதைத் தேய்த்து மறுபடியும் செடி வளர்க்க மூன்று வாரம் வேண்டும். இருந்ததோ ஒன்பது நாள்.

"எரிச்சிட்டீங்களா?"

"எரிச்சிருப்பாங்கன்னு..."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

வீட்டுக்குப் போன் போட்டேன். மாமியார் எடுத்தார். "எந்தக் கோணி? அந்தப் பொகையிலையா? அத அப்பவே ஓட்டுமேல காயப்போட்டு, கசக்கித் தூளாக்கி, உங்களுக்குத்தான மாப்ள பீடி சுத்திக் குடுத்தேன். காத்தால கொண்டுபோனீங்களே."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பச்சை நூல். இரண்டு கம்மி.

"மேடம்" என்றேன். "உங்க ஆராய்ச்சியில ரெண்டு நான் குடிச்சிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், பீடிக்கட்டைப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் நடந்ததை எப்படிச் சொல்வது. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு தெரு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக விளக்கு வருமே, அப்படி.

"வெயில்ல காய வெச்சாங்களா? அடுப்புல இல்லையே? வேற தூள் கலக்கலையே?"

"கலக்கலைன்னுதான் சொன்னாங்க. எனக்கு ஏதும் ஆவுமா மேடம்?"

"நெருப்புல அது செத்துடும். பீடியால உங்களுக்கு வர்றது தனியா வரும். காஞ்ச இலையில இது வருஷக்கணக்கா இருக்கும்ணா. வண்டிய எடுங்க."

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததுபோல ஒன்று பீடி சுற்றுகிற எந்த வீட்டிலும் நடந்திருக்காது. மேடம் மாமியாருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பச்சை நூலை அறுத்து, ஒவ்வொரு பீடியாகப் பிரித்துத் தூளைத் தட்டில் கொட்டினார். இன்னும் ஐந்தாறு கட்டுகள் டப்பாவில் இருந்தன. மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"நாப்பது வருசமா சுத்தறேன். எம் பீடிய ஒருத்தரும் பிரிச்சதில்ல. இன்னாம்மா கொறை அதுல?"

"கொறையே இல்லம்மா. நீங்க சுத்துனதாலதான் பத்திரமா இருக்கு. ஒரு தூள் சிந்தல பாருங்க."

"அப்புறம் ஏன் பிரிக்கிற?"

"உள்ள இருக்கிற சீக்கு எனக்கு வேணும்."

மாமியார் என் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். மாமியார், "நகத்தால கிழிக்காத, இலை வீணாவுது. தலைப்பு மடிப்ப இப்படி நிமித்து, உருண்டுடும்" என்று தானே ஒன்றை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். பிரிப்பதிலும் அவருடைய கைதான் வேகம்.

தூளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் மிக்சியில் உப்புக் கரைசலோடு அரைத்து, துணியில் பிழிந்து, சுழல் மெஷினில் சுற்றி, வடித்து, மறுபடியும் சுற்றினார். அதில் ஒரு துளியை வேறொரு ஜாதிப் புகையிலைச் செடியின் இலையில் தேய்த்துவைத்தார். வைரஸ் உயிரோடிருந்தால் மூன்று நாளில் அந்த இலையில் பொட்டுப் பொட்டாகக் கருகும், செத்திருந்தால் இலை சும்மா இருக்கும். "பச்சையாவே இருந்தா நாம மூட்டைய கட்டிக்கலாம்" என்றார். அந்த மூன்று நாளும் நான் பீடியைத் தொடவில்லை. பாலில் கையை முழங்கை வரைக்கும் முக்கினேன். முதல் நாள் இலை பச்சை. இரண்டாம் நாள் பச்சை. எவ்வளவு அழகான, ஆரோக்கியமான, நாசமாய்ப் போகிற பச்சை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு நல்ல இலையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான்தான் முதலில் போனேன். இலையில் பொட்டு. எண்ணினேன்: பதினொன்று. மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

"மேடம், சீக்கு வந்துடுச்சி."

"பாத்தீங்களா, நெ..."

"பாத்தேன். கண்ணால பாத்தேன். பதினொண்ணு. நல்லா வந்திருக்கு மேடம்."

அவர் எழுந்தவர் செருப்பைக்கூடப் போடாமல் கொட்டகைக்கு ஓடினார்.

மிச்ச நாளில் அந்தக் குச்சிகள்மேல் தங்கம் ஏற்றினார். சீசாவில் ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு துளி. ஐஸ் போட்ட டிபன் டப்பாவில் அதை வைத்துச் சென்னைக்கு ரயில் ஏறினோம். டப்பாவை என் மடியிலேயே வைத்திருந்தேன். அரக்கோணம் வரைக்கும் மூச்சுகூட அளந்துதான் விட்டேன். மைக்ராஸ்கோப் ஆபரேட்டர் ஒரு படிவம் கொடுத்தார். மாதிரி எதிலிருந்து எடுத்தது என்ற இடத்தில் மேடம் 'புகையிலை இலை, பீடியாகச் சுற்றப்பட்டது' என்று எழுதினார். ஆபரேட்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "விளையாடறீங்களா மேடம்?" "இல்ல சார், நடந்தத எழுதினேன்." உலர்த்திப் பக்குவம் செய்தவர் என்ற இடத்தில் என் மாமியார் பெயரை எழுதினார். ரேஷன் கார்டுக்குப் பிறகு அந்தப் பெயர் ஏறிய அரசாங்கக் காகிதம் அது ஒன்றுதான்.

திரையில் முதலில் ஒன்றுமில்லை. சாம்பல் நிறம். மேடம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், தெரியாமல். ஆபரேட்டர் எதையோ திருகினார். குச்சிகள் வந்தன. நேர்நேராக, ஒரே நீளத்தில், குறுக்கும் நெடுக்குமாக, மேலெல்லாம் எள் தூவியதுபோலக் கறுப்புப் பொடி. அந்த எள்தான் தங்கம் என்றார்.

கமிட்டி இன்னும் இரண்டு வருஷம் கொடுத்தது. படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு மேடம் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திருப்பி, கண்ணாடியை மேலே ஏற்றி, கீழே இறக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். நாற்பது வருஷம் பீடி சுற்றிய கண்.

"ஒண்ணுகூட கோணல் இல்ல" என்றார். "யாரும்மா சுத்துனது?"

"யாரும் சுத்தலம்மா. அதுவே வந்து சேந்து, அதுவே சுத்திக்கும். கையே வேணாம்."

மாமியார் சட்டென்று தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு படத்தை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டு, "மெதுவா பேசும்மா" என்றார். "காண்ட்ராக்டர் காதுல வுழுந்துடப்போவுது."